நிற்கிற காடு

வளையமாதேவியில் பிறந்தவர்களுக்கு மலை என்றால் மண்மேடுதான். சேத்தியாத்தோப்பிலிருந்து விருத்தாசலம் போகும் சாலையில் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் தரை ஒரே மட்டம். நெல், கரும்பு, வரப்போரத்துப் பனை, மறுபடி நெல். வடக்கே வானம் தரையைத் தொடுகிற இடத்தில் மட்டும் நீளமாக ஒரு மேடு எழுந்து நிற்கும். நெய்வேலிச் சுரங்கத்தில் தோண்டி எடுத்த மேல்மண்ணைக் கொட்டிக் கொட்டி உண்டானது அது. பிற்பாடு அதன்மேல் மரக்கன்று நட்டார்கள். இப்போது தூரத்திலிருந்து பச்சையாகவே தெரிகிறது. மற்ற ஊர்ப் பிள்ளைகள் இரண்டு முக்கோணம் போட்டு நடுவில் சூரியனை வரைவார்கள். நாங்கள் தலை தட்டையான ஒற்றை மலையை வரைந்தோம். வாத்தியார் திருத்தவில்லை. அவரும் உள்ளூர்க்காரர்.

1957-இல் நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கிவைத்ததும் 1961-இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டதும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஒரு டன் கரிக்கு ஐந்தாறு கன மீட்டர் மண்ணை அள்ளிப் போட வேண்டும். அதனால் எங்கள் வட்டாரத்தில் பள்ளமும் மேடும் ஜோடியாகவே வளரும். தானாக முளைத்த மலை, யாரும் நடாத காடு இரண்டையும் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு வயதான பிறகும் போகவில்லை. அந்த ஆசை தீர்ந்த இடம் கொல்லிமலையோ கல்வராயனோ இல்லை, சிங்கப்பூர்.

என் தங்கை மகன் அங்கே கட்டுமான வேலையில் இருக்கிறான். ஞாயிறு ஒன்றுதான் அவனுக்கு லீவு. மாமாவுக்கு என்னென்ன காட்டுவது என்று ஒரு பட்டியலே வைத்திருந்தான்.

“தேக்கா போலாம் மாமா. முஸ்தபா போலாம். கடலோரத்துல சிங்கம் தண்ணி கக்குமே, அதப் பாக்கலாம்.”

“மலைக்குப் போவோம்டா.”

“இந்த ஊர்ல ஏது மாமா மலை?”

இத்தனை வருஷம் அந்தத் தீவில் கட்டடம் எழுப்பியவனுக்கு, தான் தினம் கடந்து போகிற மலை கண்ணில் பட்டதில்லை. அவனைக் குறை சொல்ல முடியாது. லாரியின் பின்பக்கம் உட்கார்ந்து விடியுமுன் வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்புகிறவனுக்கு மலையும் இருட்டு, கட்டடமும் இருட்டு.

புக்கிட் தீமா என்ற அந்த மலைக்குப் போக டௌன்டவுன் ரயிலில் பியூட்டி வோர்ல்ட் நிலையத்தில் இறங்க வேண்டும். வெளியே வந்தால் கடைகள், அடுக்குமாடி வீடுகள், ஆறு தடச் சாலை. இங்கே காடு இருக்கிறது என்று யாராவது சொன்னால் சிரித்துவிடுவோம். அந்தப் பெரிய சாலைக்கு எங்கள் பக்கத்து ஆட்களோடு பழைய தொடர்பு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்த கைதிகளைக் கொண்டுதான் கிழக்கிந்தியக் கம்பெனி சிங்கப்பூரில் சாலை போட்டது, சதுப்பைத் தூர்த்தது, தேவாலயம் கட்டியது. புக்கிட் தீமா சாலையிலும் அவர்கள் கை இருக்கிறது. மலையுச்சிக்கு 1843-லேயே பாதை வெட்டிவிட்டார்கள். வெள்ளைக்காரத் துரைகள் காற்று வாங்கப் போவதற்கு. கைதிகள் காற்று வாங்கினார்களா என்று எந்தக் குறிப்பிலும் இல்லை.

குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு சின்னத் தெரு மேலேறுகிறது. கால் மணி நேரம் நடந்தால் தகவல் நிலையம். நுழைவுக் கட்டணம் கிடையாது. காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை. அங்கிருந்து உச்சிக்குத் தார் போட்ட பாதை போகிறது. ‘163 மீட்டர்தானே’ என்று நினைத்தவர்களை முதல் ஐந்து நிமிடத்திலேயே அது நிறுத்தி மூச்சு வாங்க வைக்கும், அவ்வளவு செங்குத்து. ஞாயிறு காலையில் கூட்டம் இருந்தது. கழுத்தில் துண்டு போட்ட சீனத் தாத்தாக்கள் எங்களைத் தாண்டி விறுவிறுவென்று போனார்கள். வேறெங்கோ பெரிய மலை ஏறுவதற்குப் பயிற்சியாக, கனத்த முதுகுப்பையோடு ஏறி இறங்கி, ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள் சில இளைஞர்கள். மருமகன் முகத்தில் கவலை தெரிந்தது. காசு கொடுக்காமல், யாரும் கட்டாயப்படுத்தாமல், லீவு நாளில் மூட்டை சுமக்கும் மனிதர்களை அவன் அதுவரை பார்த்ததில்லை.

தார்ப்பாதையை விட்டு இடது வலதாகப் பிரியும் மண்பாதைகளில் இறங்கிய பிறகுதான் காடு தொடங்குகிறது. நாலு எட்டு வைத்ததும் சாலைச் சத்தம் நின்றுவிட்டது. அமைதி என்று சொல்ல வந்தேன், அது சரியில்லை. சில்வண்டு காதைத் துளைக்கிறது. ஆனால் மனிதச் சத்தம் எதுவும் இல்லை. காற்று அசையவில்லை. வெயிலும் கீழே வரவில்லை. எங்கோ உயரத்தில் இலைகளில் பட்டு, பச்சைத் தண்ணீருக்குள் இருக்கிற மாதிரி ஒரு வெளிச்சம் மட்டும் இறங்குகிறது. சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. எங்கள் ஊர் வெயில் வறுக்கும், இது அவிக்கிறது.

மரங்களின் அடியைப் பார்த்தேன். தூணைத் தாங்கிப் பிடிக்கும் சுவர்களைப் போல வேர்கள் தரைக்கு மேலே பலகை பலகையாகப் பிரிந்து நிற்கின்றன. ஒரு பலகைக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்து நிற்கலாம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும்வரை கிளையே இல்லாத நேர் மரம். முகடுகளில் அதிகம் நிற்பது சிராயா என்று மலாய்க்காரர்கள் சொல்லும் மரம். அம்பது மீட்டருக்கு மேல் போகக்கூடியது. இந்த மாதிரி மரங்கள் வருஷா வருஷம் பூப்பதில்லை. சில ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு, ஏதோ ஒரு வறட்சிக்குப் பின் காடு முழுக்க ஒரே சமயத்தில் பூத்துக் காய்த்துக் கொட்டும். காய்களுக்கு இறக்கை உண்டு. சுழன்று சுழன்று இறங்கும். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தரையில் சருகும் பிரம்புக் கொடியும்தான்.

இந்த ஒரு மலையின் ஒரு மூலையில், இரண்டு ஹெக்டேர் நிலத்தை அளந்து, ஒவ்வொரு மரத்துக்கும் எண் கட்டிக் கணக்கெடுத்திருக்கிறார்கள் ஆய்வாளர்கள். அதற்குள் மட்டும் முந்நூறுக்கும் மேற்பட்ட மர இனங்கள். ஹெக்டேர் என்றால் இரண்டரை ஏக்கர். எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால் ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் சுமாரான விவசாயியின் நிலம். அதில் முந்நூறு வகை மரம்! ஊரையே சல்லடை போட்டுச் சலித்தாலும் என்னால் நாற்பது பெயருக்கு மேல் சொல்ல முடியாது, தோட்டத்து முருங்கையைச் சேர்த்தாலும்.

ஒரு பாதைக்குத் தாபான் மரத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள். அதன் பாலைக் காய்ச்சி எடுப்பதுதான் கட்டாபெர்ச்சா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்டபோது, உப்புத் தண்ணீர் கம்பியைத் தொடாமலிருக்க அதன்மேல் பூசியது இந்த மரத்தின் பால். 1870-களின் தொடக்கத்தில் சென்னையையும் சிங்கப்பூரையும் பினாங்கு வழியாகக் கடலடியில் இணைத்த கம்பி இந்தப் பாலின் தயவில்தான் பேசியது. ரப்பரைப் போல் கீறிப் பால் எடுக்கும் பொறுமை அன்று யாருக்கும் இல்லை. மரத்தையே வெட்டிச் சாய்த்து வடித்தார்கள். மலாய்க் காடுகளில் அந்த மரம் அழிகிற நிலைக்குப் போனது. இன்றைக்கு அதே பொருளைப் பல் வைத்தியர்கள் வேர் சிகிச்சையில் பல்லுக்குள் அடைக்கிறார்கள். என் கடைவாய்ப் பல் ஒன்றில் இருக்கிறது. தாபான் மரத்தடியில் நாக்கால் அந்தப் பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். மருமகனிடம் சொல்லவில்லை. ஏற்கெனவே மாமாவைப் பற்றி அவனுக்குச் சந்தேகம் வந்திருந்தது.

1854-இல் இந்த மலைக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்தார். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். டார்வினோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர். அடிவாரத்தில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியாரின் வீட்டில் தங்கி வண்டு பிடித்தார். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் எழுநூறு வகை வண்டுகள், அதுவும் சுமார் ஒரு சதுர மைல் பரப்புக்குள். அவ்வளவு கிடைத்ததற்கு அவரே சொல்லும் காரணம் விசித்திரமானது. சீன மரவெட்டிகள் அங்கே மரம் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டுப்போன மரமும் மரத்தூளும் குவிந்து கிடந்தன. வண்டுகளுக்கு அது விருந்து. காடு அழிகிற இடத்தில்தான் காட்டின் செல்வம் அவ்வளவும் வெளியே வந்து கண்ணில் பட்டிருக்கிறது. சுரங்க ஊர்க்காரனுக்கு இது புரியாத சங்கதி இல்லை.

புலியும் இருந்தது. மிளகு, காசுக்கட்டித் தோட்டங்களில் வேலை செய்த சீனர்களைப் புலி அடித்துக்கொண்டே இருந்ததால் காட்டில் அங்கங்கே குழி வெட்டி, மேலே குச்சியும் இலையும் பரப்பி வைத்திருந்தார்கள். அடியில் கூரான கழி ஒன்றையும் நட்டு வைப்பது முதலில் வழக்கம். வழிப்போக்கர் ஒருவர் விழுந்து செத்த பிறகு கழி நடுவதைத் தடுத்தார்கள் என்று வாலஸ் எழுதியிருக்கிறார். வண்டைத் துரத்திக்கொண்டு அண்ணாந்து ஓடுகிற மனிதருக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! புலி வேட்டைக்கு நம் நாட்டுக் கைதிகளில் சிலரையும் அனுப்பியிருக்கிறார்கள். தண்டனைக்கு வந்த ஊரில் கையில் துப்பாக்கியைக் கொடுத்துக் காட்டுக்குள் விடுகிற அரசாங்கத்தை என்னவென்று சொல்வது? 1930-களோடு சிங்கப்பூரில் புலிக் கதை முடிந்தது.

காசுக்கட்டி இலையை வேகவைக்க விறகு வேண்டும்; மண் சத்துப்போனால் அடுத்த காட்டுக்கு நகர வேண்டும். அரை நூற்றாண்டில் தீவின் காடு பெரும்பாலும் போய்விட்டது. தாவரவியல் தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்த நதானியேல் காண்ட்லி ஊர் ஊராகச் சுற்றி அறிக்கை எழுதினார். மிச்சமிருப்பதையாவது காப்புக்காடாக்குங்கள் என்றார். 1883-இல் அப்படி ஒதுக்கியவற்றில் ஒன்று புக்கிட் தீமா. பிற்பாடு மற்ற காப்புக்காடுகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டார்கள். 1937 வாக்கில் செடிகொடிகளுக்காகவும் உயிரினங்களுக்காகவும் என்று விட்டுவைத்தது மூன்று இடங்களைத்தான். அதிலும் இந்த மலை தப்பியது. 1951-இல் இயற்கைக் காப்பகச் சட்டம் வந்தது. இன்று சுமார் 160 ஹெக்டேர். சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு நடுத்தர ஏரி இதைவிடப் பெரிதாக இருக்கும்.

பாதி வழியில் ஒரு மரத்தின் அடிப்பட்டையில் வெளுப்பாகக் கட்டி தட்டிய பிசினைப் பார்த்தான் மருமகன்.

“குங்கிலியம் மாதிரி இருக்கு மாமா.”

மாதிரி இல்லை, கிட்டத்தட்ட அதுவேதான். இந்தக் காட்டின் பெரிய மரங்கள் டிப்டிரோகார்ப் என்ற குடும்பம். நம் ஊரில் குங்கிலியம் தரும் மரங்கள் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. திருக்கடையூரில் தாலியை விற்றுக் குங்கிலியம் வாங்கித் தூபம் போட்ட நாயனாரின் கதையைச் சொன்னேன். சுமத்திராவின் பாரூஸ் துறைமுகத்துக்கு நம் வணிகர்கள் தேடிப்போன கற்பூரமும் இந்தக் குடும்பத்து மரம் ஒன்றின் உள்ளே விளைவதுதான். அங்கே ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு 1088-இல் வெட்டிவைத்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அந்தக் காலத்திலேயே ஆள் போய்வந்த காடு இது. நீதான் முதலில் வந்தாய் என்று நினைத்துக்கொள்ளாதே என்றேன்.

உண்மையில் நான் அந்த மலைக்குப் போனதே அடுத்துச் சொல்லப்போகும் விஷயத்துக்காகத்தான். திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே திருவக்கரை என்ற ஊர் இருக்கிறது. வக்ரகாளியம்மன் கோயிலுக்குப் பேர் போனது. பக்கத்திலேயே கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன, ஆள் உயரத்தைவிடப் பல மடங்கு நீளமானவை. 1781-லேயே சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைப் பற்றி எழுதிவிட்டார். வயது சுமார் இரண்டு கோடி ஆண்டு என்று புவியியல் துறை சொல்கிறது. அந்தக் கல்மரங்கள் கிடக்கும் மணற்கல் அடுக்குக்குக் கடலூர் மணற்கல் என்றே பெயர். அதே அடுக்கு தெற்கே நீண்டு எங்கள் பக்கமும் வருகிறது. 1950-களில் சி.ஜி.கே. ராமானுஜம் என்ற தாவரவியலாளர் தென்னாற்காட்டுக் கல்மரங்களை மெல்லிய தகடுகளாக அறுத்து, நுண்ணோக்கியில் வைத்து, எந்த மரம் என்று பார்த்தார். அவர் அடையாளம் கண்டவற்றில் டிப்டிரோகார்ப் குடும்பமும் இருக்கிறது. அதாவது நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த சிராயாவின் சொந்தபந்தங்கள் ஒருகாலத்தில் தென்னாற்காட்டில் நின்றிருக்கின்றன.

இன்னும் ஒரு படி மேலே போகிறது கதை. குஜராத்தின் சூரத் பக்கம் வாஸ்தான் என்ற பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது. அங்கே கரியோடு கரியாகக் கிடந்த அம்பரை ஆராய்ந்து 2010-இல் கட்டுரை வெளியிட்டார்கள். ஐந்து கோடி ஆண்டுக்கு முந்தைய அந்த அம்பர் இதே குடும்பத்து மரங்கள் கசியவிட்ட பிசின். இந்தியா தனி நிலத்துண்டாக மிதந்து வந்து ஆசியாவோடு ஒட்டியபோது இந்த மரங்களையும் ஏற்றிக்கொண்டு வந்தது, அதற்குப் பிறகே இவை மலாயா, போர்னியோ என்று பரவின என்று சொல்லும் ஆய்வாளர்களுக்கு அது பெரிய சான்றாகிவிட்டது. இந்தியா வழியாக வந்த காடு! சிங்கப்பூரில் வேலைக்கு வந்த இந்தியர்களில் இந்த மரங்கள்தான் ரொம்ப சீனியர் என்று மருமகனிடம் சொன்னதும் அவன் முதல்முறையாக ஒரு மரத்தை நின்று பார்த்தான்.

நெய்வேலிக் கரியும் காடுதான். எந்தக் காலத்துக் காடு என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. ஆனால் சதுப்பில் விழுந்து, மண் மூடி, கறுத்துப்போன மரமும் இலையும் என்பதில் சந்தேகமில்லை. சில துண்டுகளில் மரத்தின் நார் இன்னும் தெரியும். எங்கள் பக்கத்து வீடுகளில் மின்விசிறி சுற்றுவது அந்தக் காட்டால். 2023 ஜூலை 26 அன்று வளையமாதேவியில் பச்சைப் பயிருக்குள் பொக்லைன்கள் இறங்கியதைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. சுரங்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்ட வேண்டும், நிலத்தை எடுத்துப் பல வருஷமாகிறது என்றார்கள் ஒரு பக்கம். அறுக்கிற வரைக்கும் பொறுக்கக் கூடாதா என்று கேட்டார்கள் மறு பக்கம். விவகாரம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மருமகன் அதைச் சிங்கப்பூரில், செல்பேசியில் பார்த்திருக்கிறான். புக்கிட் தீமாவின் நடுவில் நின்றுகொண்டு அவன் கேட்டான்:

“அப்ப நம்ம ஊருக்குக் கீழ இருக்கறதும் இதும் ஒண்ணா மாமா?”

ஒன்றல்ல, உறவு என்றேன். இங்கே நிற்கிறது, அங்கே கிடக்கிறது.

உச்சியில் ஒரு பாறை. அதில் 163.63 மீட்டர் என்று எழுதியிருக்கிறது. எல்லோரும் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பார்வை விரியும் என்று எதிர்பார்த்து ஏறியவர்களுக்கு ஏமாற்றம்தான். ஒரு பக்கம் வேலி போட்ட தகவல்தொடர்புக் கோபுரம், மற்ற பக்கமெல்லாம் மரம். எனக்கு அது பிடித்திருந்தது. தீவிலேயே உயர்ந்த இடத்தில் நின்று தீவு தெரியவில்லை என்றால் காடு தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். மனக்கணக்கு ஒன்றும் போட்டேன். நெய்வேலியில் கரிக்கு மேலே கிடக்கும் மண்ணின் கனமே சில இடங்களில் நூறு மீட்டரைத் தொடும். சிங்கப்பூரின் உச்சியை எங்கள் பள்ளத்தில் இறக்கி வைத்தால் பாதிக்கு மேல் மறைந்துவிடும்.

1942 பிப்ரவரியில் ஜப்பானியப் படை இந்த அடிவாரத்தில் சண்டையிட்டுத்தான் நகரத்தை நெருங்கியது. பிரிட்டிஷார் சரணடைந்து கையெழுத்துப் போட்ட ஃபோர்டு கார்த் தொழிற்சாலை இங்கிருந்து நடக்கிற தூரம். அதை நாங்கள் பார்க்கப் போகவில்லை, கால் ஒத்துழைக்கவில்லை.

இறங்கும்போது குரங்குகள் வந்தன. நீள்வால் குரங்குகள், குட்டியோடு. தீனி போட்டால் ஆயிரக்கணக்கான வெள்ளி அபராதம் என்பதால் யாரும் எதுவும் போடவில்லை. அவையும் எங்களைப் பெரிதாக மதிக்கவில்லை. துடுப்புவால் கரிச்சான் ஒன்று வாலின் இரண்டு நூலையும் இழுத்துக்கொண்டு குறுக்கே பறந்தது. அதை ஜவ்வாது மலைப் பக்கமும் பார்க்கலாம் என்பார்கள். அப்புறம் ஒரு சீன அம்மாள் எங்கள் சட்டையைத் தொட்டு நிறுத்தி, பேசாமல் விரலால் மேலே காட்டினார். மரத்தண்டில் சாம்பல் நிறத்தில் பாசி படிந்த முடிச்சு ஒன்று. ரொம்ப நேரம் பார்த்த பிறகு முடிச்சுக்குக் கண் இருப்பது தெரிந்தது. கொலுகோ. பகலெல்லாம் தண்டோடு ஒட்டிக்கிடந்துவிட்டு இரவில் கை கால் வால் எல்லாவற்றையும் இணைக்கும் தோலை விரித்து மரத்துக்கு மரம் மிதக்கும் பிராணி. மருமகன் எடுத்த படத்தில் மரம் மட்டும்தான் இருக்கிறது. கொலுகோ இருக்கிறது என்று அவன் இன்னும் சாதிக்கிறான். இந்த மலையின் ஓடைகளில் 1986-இல் விஞ்ஞானிகள் அடையாளம் கண்ட சின்ன நன்னீர் நண்டு ஒன்றும் உண்டு. சிங்கப்பூரைத் தவிர உலகில் எங்கும் கிடையாது. அதைத் தேடிப் பார்க்க எங்களுக்கு அனுமதியும் இல்லை, பொறுமையும் இல்லை.

நடக்கிறவர்களின் கால் பட்டே இந்த மலை தேய்ந்திருக்கிறது. வேர் வெளியே வந்து, சரிவு இளகி, 2014 செப்டம்பரில் மலையை மூடினார்கள். படி கட்டி, சரிவைச் செப்பனிட்டு, 2016 அக்டோபரில்தான் முழுசாகத் திறந்தார்கள். “ரெண்டு வருஷம் மலைக்கு லீவா!” என்று பெருமூச்சு விட்டான் மருமகன். அவன் கடைசியாக ஊருக்கு வந்தது ஒரு கல்யாணத்துக்கு, அதுவும் ஒரு வாரம்.

அடிவாரத்தில் ஹிண்ட்ஹீட் பூங்கா. பூங்கா என்கிறார்கள், பழைய கல் குவாரி. இந்த மலை முழுக்கக் கருங்கல். காப்புக்காட்டை ஒட்டியே பல காலம் வெடி வைத்து உடைத்து, சாலைக்கும் கட்டடத்துக்கும் கொண்டுபோனார்கள். மலையைச் சுற்றி இப்படி மூன்று பெரிய குவாரிகள். கடந்த நூற்றாண்டின் கடைசியில் ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டார்கள். இப்போது செங்குத்தான பாறைச் சுவர், கீழே பச்சைத் தண்ணீர். மேலே காடு எட்டிப் பார்க்கிறது. மரக் கைப்பிடியில் சாய்ந்து நின்றபோது எனக்கு நெய்வேலிதான் கண்முன் வந்தது. ஒரு பெரிய வித்தியாசம்: இது நிரம்ப விட்ட பள்ளம். எங்களுடையதில் இரவு பகலாகத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீர் பொத்துக்கொண்டு வந்துவிடும்.

சிங்கப்பூர்க்காரர்கள் மலையை உடைப்பதை நிறுத்தினார்களே தவிர கட்டுவதை நிறுத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கல்லும் மணலும் இப்போது வெளிநாட்டிலிருந்து வருகின்றன. மருமகன் வேலை செய்யும் தளத்தில் கொட்டும் ஜல்லிக்கு எந்த நாட்டு மலை என்று கேட்டேன். “கப்பல்ல வருது மாமா. அவ்ளோதான் தெரியும்.” எங்கோ ஒரு வளையமாதேவி இதற்கும் இருக்கும்.

அவர்களும் இந்த மலையைச் சும்மா விடவில்லை. 1986-இல் திறந்த விரைவுச்சாலை, புக்கிட் தீமாவை அதன் கிழக்கே கிடந்த பெரிய நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்து வெட்டிப் பிரித்துவிட்டது. கால் நூற்றாண்டுக்கு மேல் மலை தனித்தீவாகக் கிடந்தது. எறும்புதின்னியும் புனுகுப்பூனையும் ரோட்டைக் கடக்கப் போய் அடிபட்டன. பிறகு சாலைக்கு மேலே ஒரு பாலம் கட்டி, மண் கொட்டி, மரம் நட்டு, 2013-இல் பிராணிகளுக்கு விட்டார்கள். நீளம் 62 மீட்டர், குறுகிய இடத்தில் அகலம் 50 மீட்டர். மனிதர்கள் இஷ்டத்துக்கு ஏறி நடக்க முடியாது. கீழே சாலையிலிருந்துதான் பார்க்க வேண்டும். நாங்கள் டாக்சியில் அதற்கடியில் போனோம். ஒரு நொடி, தலைக்கு மேலே புதர்.

“ஐயோ, இதா? நான் தெனம் லாரில இதுக்குக் கீழதான போறேன். பாலத்துல ஏன் செடி மொளச்சிருக்குன்னு நெனப்பேன்.”

டாக்சி ஏறுமுன்பே பியூட்டி வோர்ல்ட் சாப்பாட்டுக் கடைகளில் நூடுல்ஸும் கரும்புச்சாறும் முடித்திருந்தோம். மருமகன் கரும்புச்சாறைக் குடித்துவிட்டு நம் ஊர்க் கரும்பின் ருசி வராது என்று தீர்ப்புச் சொன்னான். சேத்தியாத்தோப்புச் சர்க்கரை ஆலையின் ஊர்க்காரன் வேறெப்படிச் சொல்வான்? டாக்சியில் செல்பேசியைத் தடவிக்கொண்டே வந்தவன் திடீரென்று கேட்டான்:

“திருவக்கரைக்கு எப்படி மாமா போறது? நான் பாத்ததே இல்ல.”

“புதுச்சேரியிலேர்ந்து மயிலம் போற ரோட்டுல. ஒரே மாவட்டமா இருந்தப்பவே நம்ம ஊர்க்காரன் யாரும் போனதில்ல. பௌர்ணமி அன்னிக்கு மட்டும் வேணாம், கோயில் கூட்டத்துல கால் வைக்க எடம் இருக்காது.”

“அப்ப பொங்கலுக்கு வர்றப்ப, பௌர்ணமி என்னிக்குன்னு பாத்துட்டே டிக்கெட் போடறேன்” என்று காலண்டரைத் திறந்தான்.